கொடியைத் தொடரும் வரி: அமெரிக்கப் பிரசைகளாய்த் திருகோணமலையில் வாழ்வோர் அறியவேண்டுவன

நமது உட்டுறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் ஒன்றை நோக்குக. துறைமுகக் கட்டணத்தை அது இத்துறைக்கே செலுத்துகின்றது. இந்நாட்டுச் சட்டங்களுக்கும் அடங்கி நடக்கின்றது. ஆயினும் எந்த நாட்டிலே அது பதிவுபெற்றுள்ளதோ, எந்த நாட்டின் கொடியைத் தாங்குகின்றதோ, அந்நாட்டின் சட்டமும் அதனை விட்டு நீங்குவதில்லை. கடல் எத்தனை கடந்தாலும் கொடி கூடவே வருகின்றது.

மனிதரைப் பொறுத்தவரை, வருமான வரி விடயத்தில் உலக நாடுகளுட் பெரும்பாலானவை இந்நெறியைக் கையாள்வதில்லை. ஒருவர் எந்நாட்டில் வதிகின்றாரோ அந்நாட்டுக்கே தம் முழு வருமானத்துக்கும் கணக்குக் காட்டுவர். பிறந்த நாட்டை விட்டுப் பெயர்ந்தால் அந்நாட்டின் வரிப் பிடியும் தளர்ந்துவிடும். ஐக்கிய அமெரிக்க நாடோ தன் பிரசைகள் எங்கு வதியினும் அவர்களது உலக வருமானம் அனைத்துக்கும் கணக்குக் கேட்கின்றது. வெளிநாட்டில் வதியும் தன் மக்களிடம் நூற்றுக்கு 2 வீதம் அறவிடும் எரித்திரியாவை விட்டால், இவ்வழியிற் செல்லும் நாடு வேறொன்றைக் காட்டுதல் அரிது.

இவ்விடயம் இந்துக் கல்லூரி மலர் ஒன்றில் இடம்பெற வேண்டியது ஏன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நம் பழைய மாணவருட் பலர் உயர்கல்வியின் பொருட்டும், 1983ஆம் ஆண்டுக்குப் பின் உயிரச்சத்தின் பொருட்டும் அமெரிக்கா சென்றனர். அங்கே உழைத்தனர், பிரசாவுரிமை பெற்றனர். அவருட் சிலர் முதுமையில் தாய்மண்ணை நாடித் திரும்பியுள்ளனர். வேறு சிலர் திரும்ப எண்ணுகின்றனர். ஓர்ஸ் ஹில்லிலோ உட்டுறைமுக வீதியிலோ ஒரு வீட்டைப் புதுக்கி, மாலையிற் கடற்கரையில் உலவி, வெள்ளிதோறும் கோணேசர் சந்நிதியில் நின்று எஞ்சிய காலத்தைக் கழிப்பதே அவர்தம் விருப்பம். அவ்விருப்பத்துக்கு இடையூறாய் வருவது பெரும்பாலும் வரித்தொகை அன்று. அனுப்பாது விட்ட ஒரு படிவமே. கட்டவேண்டிய வரி ஒரு சதமும் இல்லாதிருந்தும், காட்டவேண்டிய கணக்கைக் காட்டாமையால் வாழ்நாட் சேமிப்பு தண்டத்துக்கு இலக்காகும் நிலை உண்டு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இறையின் இருவகை

வரியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் தொன்மையானது இறை. சோழர் கல்வெட்டுக்களில் வரி நீக்கப்பெற்ற நிலம் இறையிலி எனப்படுகின்றது. இன்றும் நம் அரசாங்கத் திணைக்களம் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்றே வழங்குகின்றது. அக்காலத்து இறை பெரும்பாலும் நிலத்தைப் பற்றி நின்றது. நிலம் பெயராதது, ஆதலால் உழுபவன் ஊரை விட்டுப் போனால் இறையும் அவனை விட்டுப் போயிற்று. மற்றொரு வகை ஆளைப் பற்றி நிற்பது. ஆள் பெயர்ந்தால் அதுவும் உடன் பெயரும். அமெரிக்கப் பிரசையின் வருமான வரி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், இனி வருவன எளிதில் விளங்கும்.

2. இவ்வழக்கம் வந்த வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861ஆம் ஆண்டிலே, போர்ச்செலவை ஈடுசெய்ய அந்நாட்டில் முதன்முதலாக வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. உள்நாட்டார்க்கு நூற்றுக்கு 3 என்றும், வெளிநாட்டில் வதியும் பிரசைகளின் அமெரிக்கச் சொத்து வருவாய்க்கு நூற்றுக்கு 5 என்றும் அது விதித்தது. போர்க்காலத்தில் நாட்டை விட்டு அகன்று செல்வத்தை மட்டும் அங்கே பெருக்குவோர் கடமையினின்று நழுவலாகாது என்பது அன்றைய கருத்து. 1864ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகளின் வருமானம் எங்கிருந்து வரினும் வரிக்கு உரியதென விரித்தது.

அந்நாளில் நம் நாட்டிலும் அமெரிக்கப் பிரசைகள் வதிந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்து, மேலை மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தளித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவருள் ஒருவர். 1864ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியபோது அவர் யாழ்ப்பாணத்திலேயே இருந்தார். நமது கிழக்கிலங்கைக்கோ 1940களின் இறுதியில் நியூ ஓர்லியன்சு மாகாணத்து யேசு சபைத் துறவிகள் வந்தனர். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியில் அவர்கள் கற்பித்தமையும், கூடைப்பந்தாட்டத்தை ஊன்றியமையும், அவருள் ஒருவரான தந்தை யூஜின் ஹேபியர் 1990ஆம் ஆண்டிற் காணாமற்போனமையும் இவ்வூர் முதியோர் நன்கறிவர். இத்தகைய துறவியர்க்கு அமெரிக்க வரிச் சட்டத்தில் தனி விதி உண்டு. வறுமை விரதம் பூண்ட ஒருவர், தம் சபையின் ஆணைப்படி திருச்சபையைச் சார்ந்த நிறுவனத்திற் பணி செய்து, ஊதியத்தைச் சபைக்கே கொடுத்துவிட்டால், அவ்வூதியம் அவருடைய வருமானமாகக் கொள்ளப்படாது. இல்லறத்தார்க்கு இவ்விலக்கு இல்லை.

போர் முடிந்தபின் அவ்வரி 1872இல் மறைந்தது. அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தத்தோடு 1913இல் வருமான வரி நிலைபெற்றபோது, பிரசையைத் தொடரும் நெறியும் உடன் வந்தது. அது நீதியோ என்ற வினாவை மெக்சிக்கோ நகரில் நிலையாய் வதிந்த குக் என்னும் அமெரிக்கர் உயர் மன்றம் வரை கொண்டு சென்றார். தாம் வதிவதும் மெக்சிக்கோவில், தம் சொத்து உள்ளதும் மெக்சிக்கோவில். பின்னர் அமெரிக்காவுக்கு வரி எதற்கு என்பது அவர் வாதம். 1924ஆம் ஆண்டில் உயர் மன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பிரசை எங்கிருப்பினும் அரசின் காவல் அவரையும் அவர் உடைமையையும் சூழ்ந்து நிற்கின்றது; ஆதலின் அரசுக்கு அவர்மேல் வரியுரிமையும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். நூறாண்டு கடந்தும் அத்தீர்ப்பு மாறவில்லை.

3. யாவர் இதற்கு உட்பட்டவர்

மூவகையினர் உளர். முதலாவார் அமெரிக்காவிற் குடியேறிப் பிரசாவுரிமை பெற்றவர். இவருட் பலர் இலங்கைப் பிரசாவுரிமையை இழந்து, பின்னர் இரட்டைப் பிரசாவுரிமையின் கீழ் அதனை மீளப் பெற்றவராய் இருப்பர். நம் நாட்டில் 1987இல் ஏற்பட்ட அவ்வசதி 2011இல் இடைநிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் வழங்கப்பட்டது. இலங்கைக் கடவுச்சீட்டு மீண்டமையால் அமெரிக்கக் கடமை நீங்குவதில்லை.

இரண்டாமவர் பிறப்பாற் பிரசைகளானோர். தந்தை அங்கே பட்டப்படிப்புப் படித்த காலத்திற் பிறந்து, இரண்டு வயதில் இங்கு கொணரப்பட்டு, இவ்வூர்ப் பாடசாலையிலேயே படித்து வளர்ந்த பிள்ளையும், சட்டத்தின் பார்வையில் அமெரிக்கப் பிரசையே. இங்கிலாந்தின் பிரதமராயிருந்த பொரிஸ் ஜோன்சன் இதற்கு உலகறிந்த உதாரணம். 1964இல் நியூ யோர்க்கிற் பிறந்து, சிறுவயதிலேயே அந்நாட்டை விட்டு நீங்கிய அவர், இலண்டன் வீட்டை விற்ற ஆதாயத்துக்காக அமெரிக்க வரி செலுத்த நேர்ந்தது. 2016இல் அப்பிரசாவுரிமையைத் துறந்தார்.

மூன்றாமவர் பச்சை அட்டை எனப்படும் நிரந்தர வதிவுரிமை உடையோர். இங்கு வந்து ஆண்டுகள் பல கழிந்தாலும், அவ்வுரிமையை முறைப்படி ஒப்படைக்கும்வரை அல்லது அது முறைப்படி நீக்கப்படும்வரை, வரிக் கடமை நிற்கும். அட்டையின் முகப்பிலுள்ள காலம் முடிந்தமை மட்டும் போதாது.

4. எப்பொழுது காட்டவேண்டும்

அமெரிக்க வரியாண்டு சனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. விவரத்திரட்டு அடுத்த ஏப்பிரல் 15இல் சேரவேண்டும். வெளிநாட்டில் வதிவோர்க்கு யூன் 15 வரை தானாகவே தவணை நீளும். அதற்கும் மேல் வேண்டுவோர் 4868ஆம் இலக்கப் படிவத்தால் ஒக்டோபர் 15 வரை நீட்டிக்கொள்ளலாம். ஆயின் நீளுவது கணக்குக் காட்டும் தவணையே. செலுத்தவேண்டிய தொகை இருப்பின் அதற்கு வட்டி ஏப்பிரல் 15 முதலே ஓடும்.

எவ்வளவு வருமானம் இருந்தாற் காட்டவேண்டும்? 2025ஆம் ஆண்டுக்கு, 65 வயதுக்கு உட்பட்ட தனியர்க்கு எல்லை 15,750 டொலர். ஈண்டு இரு பொறிகள் உள. திருமணமானவர், பிரசையல்லாத துணைவரோடு கூட்டாகக் காட்டாது தனித்துக் காட்டும்போது எல்லை வெறும் 5 டொலரே. சொந்தத் தொழில் புரிவார்க்கு நிகர வருவாய் 400 டொலர் ஆனாலே கடமை பிறந்துவிடும். இங்குள்ள பெண்ணை மணந்து இங்கேயே வதியும் பிரசைக்கு முதற்பொறியும், வீட்டிலிருந்தபடி கணினி வழியாக வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவர்க்கு இரண்டாம் பொறியும் பொருந்தும் என்க.

வேறொரு நுட்பமும் உண்டு. இலங்கையின் வரி மதிப்பீட்டு ஆண்டு ஏப்பிரல் 1இல் தொடங்கி மார்ச்சு 31இல் முடிகின்றது. அதன் விவரத்திரட்டுக்குத் தவணை நவம்பர் 30. ஆகவே ஒரு சனவரி முதல் டிசம்பர் வரையிலான அமெரிக்க ஆண்டு, இலங்கையின் இரண்டு மதிப்பீட்டு ஆண்டுகளிற் கால் வைத்து நிற்கும். மாதந்தோறும் வருவாயையும் பிடிக்கப்பட்ட வரியையும் குறித்து வைத்தவர்க்கே இரு கணக்கையும் பொருத்துதல் எளிதாம்.

5. இரட்டை வரிக்கு இரு மாற்று

ஒரே வருமானத்துக்கு இரு நாட்டுக்கும் முழுவரி செலுத்தினால் எவரும் வாழ முடியாது. இதனை அமெரிக்கச் சட்டமும் உணர்ந்துள்ளது. அது தரும் மாற்று இரண்டு.

முதலாவது, 1926ஆம் ஆண்டு முதல் உள்ள உழைப்பூதிய விலக்கு. வெளிநாட்டில் இருந்துகொண்டு உழைத்துப் பெற்ற சம்பளமோ தொழில் வருவாயோ, 2025ஆம் ஆண்டுக்கு 130,000 டொலர் வரை, 2555ஆம் இலக்கப் படிவத்தால் வரியினின்று விலக்கப்படலாம். இதற்கு இரு சோதனைகளுள் ஒன்றிலே தேறவேண்டும். ஒன்று, முழு வரியாண்டு ஒன்றை உள்ளடக்கி வெளிநாட்டில் மெய்யான வதிவினராய் இருத்தல். மற்றையது, தொடர்ந்த பன்னிரு மாதங்களுள் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருத்தல். இரண்டாவதை நம்பியிருப்போர் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் நாட்களை எண்ணிப் போகவேண்டும்.

இவ்விலக்கின் எல்லையை நன்கு உணர்தல் வேண்டும். உழைப்பின் ஊதியத்துக்கே இது பொருந்தும். வட்டி, வாடகை, பங்கிலாபம், ஓய்வூதியம் என்பன உழைப்பூதியம் அல்ல. ஆதலால் ஓய்வுபெற்று வந்து வட்டியில் வாழ்பவர்க்கு இதனாற் பயனில்லை. சொந்தத் தொழிலாளர்க்கு உரிய சமூகக் காப்புறுதி வரியாகிய நூற்றுக்கு 15.3ஐயும் இது நீக்காது. சில நாடுகளோடு அமெரிக்கா சமூகக் காப்புறுதி உடன்படிக்கை செய்துள்ளமையால் அங்கு வதிவோர் ஒரு நாட்டுக்கு மட்டும் செலுத்துவர். இலங்கையோடு அத்தகைய உடன்படிக்கை இல்லை.

இரண்டாவது, 1918ஆம் ஆண்டு முதல் உள்ள வெளிநாட்டு வரிக் கழிவு. இலங்கைக்குச் செலுத்திய வருமான வரியை, அதே வருமானத்துக்கு அமெரிக்கா விதிக்கும் வரியினின்று 1116ஆம் இலக்கப் படிவத்தாற் கழித்துக்கொள்ளலாம். மிஞ்சிய கழிவை ஓராண்டு பின்னோக்கியும் பத்தாண்டு முன்னோக்கியும் கொண்டு செல்லலாம். வட்டிக்கும் வாடகைக்கும் இதுவே துணை. ஆயின் முதல் மாற்றால் விலக்கிய வருமானத்துக்கு இரண்டாம் மாற்றையும் கோர முடியாது. ஒரு நெல்லை இருமுறை குற்ற இயலாது அன்றோ?

6. இரு நாட்டு ஒப்பந்தம்

இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. அது 1985ஆம் ஆண்டு கொழும்பிற் கைச்சாத்தாகி, 2002ஆம் ஆண்டு திருத்த உடன்பாடு ஒன்றோடு சேர்ந்து, 2004ஆம் ஆண்டே நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் இருப்பதால் தமக்கு அமெரிக்க வரி இல்லை எனக் கருதும் அன்பர் பலர். அது பிழை. அமெரிக்கா செய்யும் ஒப்பந்தங்களிற் காப்பு வாசகம் ஒன்று இடம்பெறுவது வழக்கம். தன் பிரசைகள்மேல் ஒப்பந்தம் இல்லாதது போலவே வரி விதிக்கும் உரிமையை அது அந்நாட்டுக்கு விட்டு வைக்கின்றது. இவ்வொப்பந்தமும் அதற்கு விலக்கன்று. ஆகவே ஒப்பந்தம் இருப்பினும் பிரசை ஆண்டுதோறும் கணக்குக் காட்டியே ஆகவேண்டும்.

7. ஓர் உதாரணக் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு ஒருவரைக் கற்பனை செய்வோம். வயது 68. மனைவியை இழந்தவர். அமெரிக்காவிற் பொறியியலாளராய் இருந்து பிரசையாகி, இப்பொழுது இவ்வூரில் வதிகின்றார். 2025ஆம் ஆண்டில் அவருக்கு அமெரிக்கச் சமூகக் காப்புறுதி ஓய்வூதியம் 18,000 டொலர். நிலையான வைப்பில் 90 இலட்சம் ரூபா. அதற்கு நூற்றுக்கு 9 வீதம் வட்டி 8,10,000 ரூபா. டொலர் ஒன்று 300 ரூபா எனக் கொண்டால் வட்டி 2,700 டொலர். இவற்றோடு, வீட்டிலிருந்தே ஆலோசனைத் தொழில் செய்து நிகரமாகப் பெறுவது 12,000 டொலர்.

ஆலோசனை வருவாய் இங்கிருந்து உழைத்தது. ஆதலால் உழைப்பூதிய விலக்கால் வருமான வரியினின்று நீங்கும். ஓய்வூதியம் வரிக்கு உட்படுமோ என்பதை அறிய அதில் அரைவாசியாகிய 9,000உடன் மற்றை வருவாய்களைக் கூட்டவேண்டும். விலக்கிய 12,000மும் இக்கூட்டலிற் சேரும். 9,000உம் 2,700உம் 12,000உம் சேர்ந்து 23,700. தனியர்க்கு உரிய எல்லை 25,000. அதற்கு உட்பட்டமையால் ஓய்வூதியத்துக்கு வரியில்லை. எஞ்சிய 2,700 டொலர் வட்டி, பொதுக் கழிவாகிய 15,750க்கு மிகக் கீழே நிற்கின்றது. ஆகவே வருமான வரி சூனியம்.

ஆனாற் கணக்கு அங்கே முடியவில்லை. தொழில் வருவாய் 400 டொலரைக் கடந்தமையாற் சமூகக் காப்புறுதி வரி உண்டு. 12,000இல் நூற்றுக்கு 92.35 ஆகிய 11,082 டொலருக்கு 15.3 வீதம் எனக் கணித்தால் வருவது ஏறத்தாழ 1,696 டொலர். வரியே இல்லை என்று நம்பியிருந்தவர்க்கு ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கடன் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்கும்.

அவர் மனைவி உயிரோடு இருந்து, இலங்கைப் பிரசையாய் உடன் வதிந்து, அவர் தனித்துக் கணக்குக் காட்டியிருப்பின் நிலைமை வேறாகும். அப்பொழுது 25,000 என்னும் எல்லையே இல்லை; ஓய்வூதியத்தில் நூற்றுக்கு 85 வரை வரிக்குரியதாகும். மனைவியையும் அமெரிக்க வதிவினராகக் கொள்ளும்படி தெரிவு செய்து கூட்டாகக் காட்டுதல் மற்றொரு வழி. அதனால் மனைவியின் உலக வருமானமும் கணக்கினுள் வந்துவிடும். மனைவிக்குச் சொந்த வருவாய் இல்லையேல் அது நன்மையாகும். பெருங்காணியோ கடைவாடகையோ உண்டெனில் தீமையாகலாம். எண்களை இட்டுப் பார்த்தே முடிவு செய்க.

இவரது இலங்கைக் கணக்குத் தனி. ஆண்டில் 183 நாட்கள் இங்கிருந்தால் அவர் இலங்கை வதிவினர். 2025 ஏப்பிரல் முதல் தனிநபர் நிவாரணம் 18 இலட்சம் ரூபா. வைப்பு வட்டியினின்று வங்கி முன்னதாகப் பிடிக்கும் வரி நூற்றுக்கு 10. மேற்கூறிய வட்டியில் 81,000 ரூபா இவ்வாறு பிடிபடும். அதற்குரிய சான்றிதழை வங்கியிடம் கேட்டுப் பெறவேண்டும். அதுவே அமெரிக்கக் கழிவுக்கும் ஆதாரம்.

8. வங்கிக் கணக்கு அறிக்கை

அன்பர்கள் மிகவும் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி இது. 1970ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டத்தின் வழி வந்த கடமை இது: அமெரிக்கப் பிரசை ஒருவருக்கு வெளிநாட்டிலுள்ள வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை, ஆண்டின் எந்த ஒரு நாளிலேனும் 10,000 டொலரைக் கடந்தால், எல்லாக் கணக்குகளையும் அறிக்கை செய்யவேண்டும். இது வரி விவரத்திரட்டு அன்று. வரியலுவலகத்துக்குச் செல்வதும் அன்று. நிதிக் குற்றத் தடுப்புக்கான தனி அலுவலகத்துக்கு, 114ஆம் இலக்க அறிக்கையாகக் கணினி வழியே அனுப்பப்படுவது. தவணை ஏப்பிரல் 15. தானாகவே ஒக்டோபர் 15 வரை நீளும்.

பத்தாயிரம் டொலர் ஒவ்வொரு கணக்குக்கும் உரிய எல்லை அன்று. எல்லாவற்றின் கூட்டுக்கும் உரிய எல்லை. ஏறத்தாழ 30 இலட்சம் ரூபா என்பது இந்நாளில் ஓய்வுபெற்ற எவரிடத்தும் இருக்கத்தக்க தொகையே. ரூபாவை டொலராக்குவது அவ்வாண்டின் இறுதி நாளுக்கு அமெரிக்கத் திறைசேரி வெளியிடும் மாற்று வீதத்தால் ஆகும். இதனால் விளையும் விந்தை ஒன்று: 30 இலட்சம் ரூபா வைப்பு, டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாய் இருந்த 2021இன் இறுதியில் 15,000 டொலர், அறிக்கைக்கு உரியது. டொலர் ஏறத்தாழ 365 ரூபாவாகிய 2022இன் இறுதியில் அதே வைப்பு 8,200 டொலர், அறிக்கை வேண்டுவதில்லை. ஆளும் மாறவில்லை, பணமும் மாறவில்லை, கடமை மாறிற்று. ஆண்டுதோறும் கணித்துப் பார்க்கவேண்டியது இதனாலேயே.

இன்னொன்று நம் சங்கத்தையே தொடுவது. சொந்தக் கணக்கு மட்டுமன்றி, கையொப்பமிடும் அதிகாரம் உள்ள கணக்கும் இவ்வறிக்கையுட் சேரும். அமெரிக்கப் பிரசையாகிய ஓர் அன்பர் பழைய மாணவர் சங்கத்துக்குப் பொருளாளராகவோ, கோயிற் பரிபாலன சபைக்குத் தருமகர்த்தாவாகவோ இருந்து, காசோலையிற் கையொப்பமிடுவாராயின், ஒரு சதமும் அவருடையதாய் இல்லாதிருந்தும் அக்கணக்கை அவர் அறிக்கையிடல் வேண்டும். வயோதிபத் தாயின் கணக்கில் உதவிக்காகப் பெயர் சேர்த்துக்கொண்டவர்க்கும் இதுவே விதி. காணியும் வீடும் கழுத்திலும் பெட்டகத்திலும் உள்ள பொன்னும் இதிற் சேரா.

இதனின் வேறான மற்றொரு படிவம் 8938. இது வரி விவரத்திரட்டோடு இணைத்து அனுப்பப்படுவது. வெளிநாட்டில் வதியும் தனியர்க்கு, நிதிச் சொத்து ஆண்டிறுதியில் 200,000 டொலரை அல்லது ஆண்டின் எந்நாளிலேனும் 300,000 டொலரைக் கடந்தாலே இது வேண்டும். 2010இல் இயற்றப்பட்ட ஃபட்கா என்னும் சட்டத்தின் விளைவு இது. உலக வங்கிகள் தம் அமெரிக்க வாடிக்கையாளரைக் கண்டறிந்து அறிவிக்கவேண்டும் என்பதும் அச்சட்டமே. நம் வங்கியிற் கணக்குத் திறக்கும்போது, அமெரிக்காவிற் பிறந்தவரா, பிரசையா என்று வினவி டபிள்யூ-9 என்னும் படிவத்தை நீட்டுவது இதன் பொருட்டே. அங்கே உண்மையை மறைத்தல் அறியாமையைக் குற்றமாக்கிவிடும்.

தண்டம் எத்தகையது? உருமேனியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிப் பிரசையாகி, பின் தாய்நாடு திரும்பிய பிட்னர் என்பவரின் வழக்கு நம்மவர் நிலைக்கு மிக நெருங்கியது. இவ்வறிக்கை தம் கடமை என்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்கு உரிய 272 கணக்குகள். கணக்கு ஒன்றுக்குப் பத்தாயிரமாக 27 இலட்சத்து 20 ஆயிரம் டொலரை அரசாங்கம் தண்டமாகக் கேட்டது. 2023ஆம் ஆண்டில் உயர் மன்றம், வேண்டுமென்றே செய்யாத பிழைக்குத் தண்டம் கணக்குத்தோறும் அன்று, அறிக்கைதோறுமே எனத் தீர்த்தது. தொகை 50,000 டொலராகச் சுருங்கிற்று. ஐவர்க்கு நால்வர் என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் அவர் தப்பினார். அறிக்கை ஒன்றுக்கான அவ்வுச்ச வரம்பு விலைவாசியோடு உயர்ந்து இப்பொழுது 16,000 டொலரைக் கடந்துள்ளது.

9. காணியும் முதுசமும்

பெற்றோரின் காணியைப் பெற்று விற்பவர் இரண்டு செய்தி அறிக. ஒன்று, முதுசமாய் வந்த காணியின் அடக்கவிலை, அமெரிக்கக் கணக்கில், உரியவர் இறந்த நாளில் அதற்கிருந்த சந்தைப் பெறுமதியே. ஆகவே அந்நாளுக்குரிய மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைப் பெற்று வைத்தல் நன்று. இரண்டு, வெளிநாட்டவர் ஒருவரிடமிருந்து ஓராண்டில் 100,000 டொலருக்கு மேல் முதுசமோ நன்கொடையோ பெற்றால் 3520ஆம் இலக்கப் படிவத்தால் அறிவிக்கவேண்டும். அதற்கு வரியில்லை; அறிவியாமைக்குத் தண்டம் உண்டு.

ஆதாயம் டொலரிற் கணிக்கப்படும் என்பதும் மறத்தலாகாது. டொலர் ஏறத்தாழ 135 ரூபாவாயிருந்த 2015இல் 50 இலட்சத்துக்கு வாங்கிய காணியை, டொலர் 300 ரூபாவாயிருந்த நாளில் ஒரு கோடிக்கு விற்றதாகக் கொள்வோம். ரூபாவில் முதல் இரட்டித்துள்ளது. இலங்கைக்கு மூலதன ஆதாய வரி உண்டு. டொலரிலோ 37,000க்கு வாங்கி 33,300க்கு விற்ற நட்டம். ஒரே விற்பனை இங்கே இலாபம், அங்கே நட்டம். அமெரிக்க வரி அவ்விற்பனைக்கு இல்லாமையால், இங்கு கட்டிய வரியைக் கழிக்கவும் அதிலே இடமில்லை.

10. தவறியோர்க்கு உள்ள வழி

இவற்றை இன்று முதன்முறை அறிவோர் கலங்கவேண்டுவதில்லை. வேண்டுமென்றன்றி அறியாமையால் தவறியோர்க்கு நேரொழுங்கு முறை ஒன்று 2012இல் வகுக்கப்பட்டு 2014இல் விரிக்கப்பட்டது. வெளிநாட்டில் வதியும் தகுதியுள்ளவர், கடந்த மூன்றாண்டு விவரத்திரட்டுக்களையும் ஆறாண்டு வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் அனுப்பி, பிழை நேர்ந்த காரணத்தை 14653ஆம் இலக்கப் படிவத்தில் உண்மையாக எழுதி ஒப்பமிட்டால், வரியும் வட்டியும் மட்டும் செலுத்தித் தண்டமின்றி நீங்கலாம். ஆனால் வரியலுவலகம் தானே முந்திக்கொண்டு விசாரணை தொடங்கிவிட்டால் இவ்வழி அடைபடும். ஆதலின் இதிற் காலந்தாழ்த்தல் ஆகாது.

சிலர் பிரசாவுரிமையையே துறந்துவிடலாம் எனக் கூறுவர். அதுவும் கணக்கின்றி முடியாது. துறப்பவர் முந்திய ஐந்தாண்டும் வரிக் கடமைகளை நிறைவேற்றியதாக 8854ஆம் இலக்கப் படிவத்தில் உறுதி கூறவேண்டும். கூற இயலாதவர், செல்வம் குறைந்தவராயினும், வெளியேற்ற வரி விதிகளுக்கு உட்படுவர். வாயிலைக் கடப்பதற்கும் கணக்கே திறவுகோல்.

11. ஆண்டு ஒழுங்கு

தைப்பொங்கல் கழிந்ததும் எல்லா வங்கிகளினதும் டிசம்பர் 31 நிலுவையையும், ஆண்டில் இருந்த உச்சத் தொகையையும் ஒரு தாளில் எழுதுக. சித்திரை வருடப் பிறப்புக்கு மறுநாளை ஒட்டி வருவது ஏப்பிரல் 15. கட்டவேண்டியது இருப்பின் அதற்குள் கட்டுக. யூன் 15க்குள் விவரத்திரட்டையும், ஒக்டோபர் 15க்குள் வங்கி அறிக்கையையும், நவம்பர் 30க்குள் இலங்கை விவரத்திரட்டையும் முடிக்குக. வங்கி அறிக்கைக்குரிய சான்றுகளை ஐந்தாண்டு பேணுக. எல்லைத் தொகைகள் ஆண்டுதோறும் மாறுவன. அவ்வவ்வாண்டின் தொகையைப் பார்த்துக்கொள்க. சிக்கல் உள்ளவர் இவ்விரு நாட்டு விதிகளையும் அறிந்த கணக்காளரை நாடுக.

இத்தாள்கள் எங்கேயுள்ளன என்பதை வீட்டிலுள்ளோர்க்கும் சொல்லி வைத்தல் வேண்டும். குடும்பத் தலைவர் மறைந்த பின், அமெரிக்காவைக் கண்டறியாத மனைவியும், தொலைவிலுள்ள பிள்ளைகளும் அவர் விட்டுச்சென்ற கணக்குகளை அவிழ்க்க நேரும்போதே இவ்வொழுங்கின் அருமை புலப்படும். இரு நாடுகள் நமக்குக் கல்வியும் வாழ்வும் தந்தன. இரண்டுக்கும் உரிய கணக்கை நேரே காட்டி முடித்தவர் எவர் கடிதத்துக்கும் அஞ்சவேண்டுவதில்லை. தாம் தேடி வந்த அமைதியோடு இக்கடற்கரையில் வாழலாம்.